தலையும் வாலும் சேரும் இடம்

விரல் தேடியது, கிடைக்கவில்லை. முதுகெலும்பு இறங்கி இடுப்பில் முடிகிற பள்ளத்துக்குப் பக்கத்தில் நேற்றுவரை ஒரு வழவழப்பு இருந்தது. இடப்பக்கமிருந்து வருகிற தடிப்பு அங்கே வந்து நிற்கும், வலப்பக்கமிருந்து வருகிற தடிப்பும் எதிரே வந்து நிற்கும், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தோல் இன்னும் தோலாகவே பிழைத்துக் கிடக்கும். போன வாரம் மூன்று விரல் வைக்கலாம். நேற்று ஒரு விரல். இன்றைக்கு அந்த ஒரு விரலுக்கும் இடம் தெரியவில்லை. சன்னாசி கையை இன்னும் பின்னால் வளைத்தான், தோள்மூட்டு நொடித்தது. குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது. தடிப்பா, வழவழப்பா? சொல்ல முடியவில்லை. விரல் நுனி செத்த விரல். இருபது வருசமாக மில்லில் நூல் ஓடி ஓடி ரேகை தேய்ந்துபோன விரல். ரேஷன் கடை மிஷினே இந்த விரலை ஏற்றுக்கொள்வதில்லை. ‘வேற விரல வைங்க, வேற விரல வைங்க’ என்று பத்து விரலையும் வைக்கச் சொல்லிவிட்டு, ‘வீட்டம்மாவ வரச்சொல்லுங்க’ என்பார்கள். அறுந்த இழையின் நுனியைக் கண்ணால் பார்க்காமலே பிடித்து ஒட்டிவிடுகிற விரல், சொந்த முதுகில் இழை அறுந்திருக்கிறதா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் ஊமையாக நிற்கிறது. சேர்ந்திருக்காது. சேர்ந்திருந்தால் தெரியாமலா போகும், உடம்புக்குள் ஏதாவது ஒன்று நின்றுபோகாதா, மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் நிற்கும்போது அந்தச் சத்தமில்லாத சத்தம் வருமே, அந்த மாதிரி. இல்லை, சேர்ந்த உடனே ஒன்றும் ஆகாது. பெரியப்பாவுக்குச் சேர்ந்த அன்றைக்கு அவர் இட்லி கேட்டார், சாப்பிட்டார்.

வெளியே தகரக் கதவில் யாரோ தட்டினார்கள். “அண்ணே, உள்ள குளிக்கிறீங்களா, குடியிருக்கீங்களா?” டெய்லர் வீட்டு ரோசிலி. ஐந்து வீட்டுக்கு ஒரே குளியலறை, காலையில் எல்லோருக்கும் அவசரம், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அவனுக்கு மட்டும்தான் பகல் முழுவதும் கிடக்கிறது தூங்குவதற்கு. “இந்தா ஆச்சும்மா” என்றான், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஒரு செம்பு தண்ணீரை அள்ளித் தரையில் ஊற்றினான், குளிக்கிற சத்தம் கேட்கட்டும். உடம்பில் ஊற்றவில்லை. ஈரம் பட்டால் அரிப்பு எழுந்துகொள்ளும், எழுந்தால் அது படுக்க மத்தியானம் ஆகும். கருப்புக் கயிறு இடுப்பில் ஒட்டிக் கிடந்தது. ராத்திரி முழுக்கக் குடித்த வேர்வை அதற்குள்ளேயே இருந்தது, நசுக்கினால் சொட்டும். கயிற்றுக்கு மேலும் கீழும் அது ஓடிக்கொண்டிருந்தது, ஓரம் சிவந்து பொடிப்பொடியாகத் தடித்து, நடுவில் கருத்து, வேலி கட்டின மாதிரி. முன்பக்கம் கண்ணால் பார்க்கலாம். தொப்புளுக்குக் கீழே தொடங்கினது அது. ஒரு காசு அளவுதான். வேர்க்குரு என்று நினைத்தான். மில்லுக்குள் நூல் அறாமல் இருக்க மேலேயிருந்து நீராவிப் புகையாக ஈரத்தை ஊதிக்கொண்டே இருப்பார்கள், நூலுக்கு அது குளிர்ச்சி, மனுசனுக்கு அவியல். பஞ்சு பறந்து வந்து ஈர உடம்பில் ஒட்டும். வேர்க்குரு வராத ஆள் யார். பச்சைத் தண்ணீரில் இரண்டு வேளை குளித்தான், சந்தனம் தடவினான், லுங்கியைத் தளர்த்திக் கட்டினான். வேர்க்குரு என்றால் அடங்கியிருக்க வேண்டும். சாப்பாடாக இருக்கும் என்று கத்தரிக்காயை நிறுத்தினான், கருவாட்டை நிறுத்தினான். பெண்டாட்டி பஞ்சவர்ணம் வாசமாகக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, “என்ன, மாலை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். சோப்பாக இருக்கும் என்று சோப்பை மாற்றினான். டீக்கடைப் பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை வருகிற மருத்துவப் பக்கத்தை வடை மடித்துத் தருவதற்கு முன்னால் கேட்டு வாங்கிப் படித்தான். புதுத்துணிக் கஞ்சியால் வரும், மூட்டைப்பூச்சியால் வரும், சாயத்தால் வரும், கவரிங் நகையால் வரும், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வரும், மனக்கவலையால்கூட வரும். ஒவ்வொன்றையும் படிக்கும்போது இதுதான், இதுதான் என்று தோன்றியது. உணர்ச்சியில்லாத தேமல் என்றால் உடனே டாக்டரிடம் போகவும் என்று போட்டிருந்த அன்றைக்கு ஊக்கால் குத்திப் பார்த்தான், கத்திவிட்டான். குத்தினது வலித்ததில் அப்படி ஒரு சந்தோசம். அப்புறம்தான் மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கினான். கடைப்பையன் ஏறிட்டுப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தான். போட்ட இரண்டாம் நாள் மாயமாக வெளுத்தது. நிறுத்தினான். நிறுத்தினதும் நின்ற இடத்திலிருந்து இரண்டு கையை நீட்டின மாதிரி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அது நடக்கத் தொடங்கியது. மறுபடி போட்டான், மறுபடி அடங்கினது, மறுபடி நடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தது. அது நடக்கிற திசை தெரிந்த அன்றைக்குத்தான் ரிங் பிரேமுக்கு முன்னால் நிற்கும்போது அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்தது. தலையும் வாலும்.

அக்கி என்றால் பாம்பு மாதிரி, ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால், உடம்பைச் சுற்றிக்கொண்டு வரும், தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் இல்லை. பெரியப்பா வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்று இதைத்தான் சொன்னார்கள், சத்தமாகச் சொல்லவில்லை, முந்தானைக்குள் சொன்னார்கள். அக்கி எழுதுகிற வேளார் வந்து காவிக்கல்லை உரசி, கோழி இறகால் தொட்டு, நெஞ்சைச் சுற்றிச் சிங்கம் எழுதினார். அக்கிக்குச் சிங்கத்தைக் கண்டால் பயமாம். சிங்கத்துக்கு நாக்குகூட வரைந்திருந்தார். பெரியப்பா அந்தச் சிங்கத்தோடு செத்துப்போனார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, கால் அழுகியிருந்தது, குடி இருந்தது, அது எல்லாம் இப்போது தெரிகிறது, அப்போது யாரும் சொல்லவில்லை. சேர்ந்திருச்சு என்று மட்டும்தான் சொன்னார்கள். குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தான். மாமன் முறைக்காரர் பிளேடால் இடுப்புக் கயிற்றை அறுத்துப் போட்டார், சிவப்புக் கயிறு, அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, வெயிலே பார்க்காத தோல், பிறந்த குழந்தைத் தோல். அந்தக் கோட்டை மட்டும் இத்தனை வருசமும் மறக்கவில்லை. ஆம்பளைக்குக் கயிறு அறுவது அப்போதுதான். புதுசு மாற்றினால்கூடப் புதுசைக் கட்டின பிறகுதான் பழசை அறுப்பார்கள், நடுவில் ஒரு நிமிசம் வெறும் இடுப்பு கூடாது. வெறும் இடுப்போடு இருப்பது பிணம். அக்கியா, அக்கிதானா என்று தெரியாமல் இருக்க முடியாமல் போன மாசம் பஸ் ஏறி ஒரு வேளாரைத் தேடிப் போனான். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எரியுதா, அரிக்குதா?” “அரிக்குது.” “கொப்புளம் போட்டுச்சா?” “பொடிப்பொடியா இருக்கு.” கிழவர் சிரித்தார். “அக்கின்னா சட்டை பட்டாலே உசிரு போகும்ப்பா, நீ கயிறும் கட்டி அதுக்குமேல பெல்ட்டும் போட்டு வந்து நிக்கிற. இது அக்கி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ.” இறகை எடுக்கவே இல்லை. காவிக்கல் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் எட்டும், எடுக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் அதையே உருட்டினான். ஏன் எடுக்கவில்லை? எழுதினால் காசுதானே, யார் வேண்டாம் என்பார்கள். முடிந்துபோன கேஸை யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு இல்லை.

“ஏங்க, பக்கெட்டு நிரம்பி வழியுது, காது கேக்கலையா?” இது பஞ்சவர்ணம், வீட்டுக்குள்ளிருந்து. குழாயை மூடினான். மூடினதும் அமைதி வந்து காதில் அடைத்துக்கொண்டது. பஞ்சவர்ணம் டிபன் கட்டிக்கொண்டிருப்பாள், கார்மெண்ட்ஸ் வேன் வந்துவிடும், அவள் போவாள், அவன் படுப்பான். சாயங்காலம் அவள் வரும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். ஒரு நாளில் இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் விழித்திருப்பது இந்தக் காலை நேரம்தான், அதையும் அவன் குளியலறைக்குள் கழித்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் சட்டையோடு படுக்கிறான். “சட்டை போட்டுத் தூங்குற மனுசன இப்பத்தான் பாக்குறேன், இந்த வேக்காட்டுல” என்றாள் ஒரு நாள். கொசு என்றான். அடுத்த வாரம், “மில்லுல எவளாச்சும் புதுசா வந்திருக்காளா?” என்று கேட்டாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, விளையாட்டாகத்தான். ஆனால் கத்தி நின்றது. அவன் பதில் சொல்கிறவரை வெங்காயத்தின் மேல் நின்றது. “வடக்கத்திப் புள்ளைக இருக்குக, நம்ம மொழியே தெரியாது” என்றான். “அதுக்கு மொழி எதுக்கு” என்றாள், கத்தி மறுபடி நகர்ந்தது. அதற்கப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள், போர்வையை இடுப்புவரை இழுத்துச் செருகிக்கொண்டு. கோபம் என்று நினைத்தான், கோபம் நல்லது, கோபமாக இருக்கிறவள் கிட்டே வரமாட்டாள். காட்டியிருக்கலாம். காட்டினால் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பாள். அவள் கட்டின கயிறு அது. ஆடியில் அவன் மில்லுக்குள் மயங்கி விழுந்த பிறகு அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, கருப்பு நைலானில் ஒன்பது முடிச்சுப் போட்டு வாங்கி வந்து கட்டினாள். பழைய கயிறு பருத்தி, நைந்திருந்தது. இது நையாது. “நான் கட்டுனது, நானா அவுத்தாத்தான் உண்டு” என்று முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள், இடுப்பில் மூச்சு சூடாகப் பட்டது, சிரித்தான். அவ்வளவு நெருக்கமாக அவள் வந்தது அதுதான் கடைசி.

ஜன்னல் என்று ஒரு ஓட்டை, அதில் துணி சோப்புக்குப் பின்னால் ஒரு ட்யூப் இருந்தது. மெடிக்கல் ட்யூப் இல்லை. மில் ஆட்களுக்கான அரசு மருந்தகத்து டாக்டரம்மா கொடுத்தது. மூடி திறக்கவே இல்லை. வேளார் சொன்னார் என்று போகவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை, ஷிப்ட் முடிந்து நேராகப் போய் மில் ஆட்களோடு வரிசையில் நின்றான். சின்ன வயசு டாக்டர், பேனாவைக் காட்டிச் சட்டையைத் தூக்கச் சொன்னது. ஓரத்தைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது. “படர்தாமரை. பூஞ்சை. ஈரம் நிக்கிற இடத்துல வளரும். ராத்திரி பூரா வேர்வையில நிக்கிறீங்களா? அப்ப இந்தக் கயிறுதான் அதுக்குத் தொட்டி. இத மொதல்ல எடுங்க. மெடிக்கல்ல தானா ஏதாவது வாங்கிப் போட்டீங்களா? நெனச்சேன். அரிப்ப அமுக்கிட்டு உள்ள பரப்பிவிடும் அது, தூக்கிப் போடுங்க. குளிச்சு, நல்லாத் தொவட்டி, காஞ்ச பிறகு இதத் தடவுங்க, தடிப்புக்கு வெளியவும் ரெண்டு விரல் சேத்து. மறைஞ்சிருச்சுன்னு நிறுத்திராதீங்க, மறைஞ்ச பிறகும் கொஞ்ச நாள் போடணும். பனியன், துண்டு எல்லாம் சுடுதண்ணில அலசி வெயில்ல காயப் போடுங்க. துண்டு தனியா வச்சிருக்கீங்களா?” “தனிதான் டாக்டர்.” “வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?” “இல்ல.” அந்த இல்லை எவ்வளவு வேகமாக வந்தது. கேட்ட கேள்வி காதில் ஏறுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. வீட்டில் யாரிருக்கிறார்கள், அவள் ஒருத்தி, அவளிடம் கேட்டானா. துண்டு தனி இல்லை. இதோ, ஆணியில் தொங்குகிறதே பச்சைத் துண்டு, அவள் குளித்துவிட்டுப் போட்டுப் போனது, இன்னும் ஈரம், அவனும் இதில்தான் துவட்டுவான், சாயங்காலம் மறுபடி அவள். ஐந்தாறு வருசமாக அதுதான். டாக்டரம்மா கடைசியில் சிரித்துக்கொண்டு, “பயப்படாதீங்க, உசிருக்கு ஒண்ணும் ஆகாது” என்றது. அதுதான் கெட்டது. அவன் உயிரைப் பற்றிக் கேட்கவே இல்லையே. கேட்காதவனிடம் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? பெரியப்பாவிடமும் கம்பவுண்டர் அதைத்தான் சொன்னார். ட்யூபை வாங்கி வந்து சோப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். கயிற்றை எடுக்காமல் மருந்து போட்டு என்ன, கயிற்றை எடுத்தால் அப்புறம் மருந்து எதற்கு. இப்படி ஒரு கணக்கு. ரிங் பிரேம் ஓடுகிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிற கணக்கு, சுற்றுவது தெரிகிறது, நிறுத்துகிற பித்தான் எங்கே என்றுதான் தெரியவில்லை.

மில்லிலிருந்து கொண்டு வந்த நூல் கத்தரி ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையில் இருந்தது. விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் கடிக்கிற சின்னக் கத்தரி. இன்றைக்கு அறுத்துவிடலாம் என்றுதான் நடு ராத்திரியில் முடிவு செய்தான், மூன்றாம் வரிசை பிரேமுக்கு முன்னால், இரண்டு நுனியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது. அறுந்த நுனிகள் ஒன்றையொன்று பார்த்துத் துடிக்கும், கிட்டே கொண்டுபோனால் போதும், தானாகப் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ராத்திரி பூரா இதையே செய்கிறான், சேர்க்கிறான், சேர்க்கிறான், அதற்குச் சம்பளம் வாங்குகிறான். அதே வேலையை அவன் இடுப்பில் ஒன்று சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. கத்தரியைக் கயிற்றுக்குள் நுழைத்தான். இரும்பு சில்லென்று பட்டது. அரிப்பு ஒரு நொடி அடங்கி, நாலு மடங்காக எழுந்தது. அறு. அறுத்தால் ஒரு நிமிசம் வெறும் இடுப்பு. அந்த ஒரு நிமிசம் போதும் அதற்கு. சேரவில்லை என்று மட்டும் தெரிந்தால் அறுத்துவிடலாம். சேர்ந்திருந்தால்? ஷேவிங் கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்துக் கழுத்தைத் திருப்பினான். தெரிந்தது சுவர். பாசி. திரும்பினான், தகரக் கதவு. இன்னும் வளைந்தான், ஒரு சிவப்பு வந்தது, போனது, அது இடுப்பா பக்கெட்டா. தலைக்குப் பின்னால் கண் இல்லாமல் படைத்தது இதற்குத்தானா, சாகிற இடத்தைப் பார்க்கக் கூடாதென்று. கண்ணாடி வழுக்கித் தரையில் விழுந்தது. உடையவில்லை, பிளாஸ்டிக் விளிம்பு. ஆனால் சத்தம் பெரிய சத்தம். “என்ன அண்ணே, விழுந்துட்டீங்களா? ஏ பஞ்சு, உன் வீட்டுக்காரரு உள்ள என்னத்தையோ உருட்டுறாருடி!” அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு விரல் அகலம்கூட இல்லாத தாழ்ப்பாள். பிறகு அவன் குரல் அவனைக் கேட்காமலே போனது. “பஞ்சு. இங்க வா.”

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். டிபன் டப்பா மூடி இன்னும் அவள் கையில் இருந்தது. “என்ன, வழுக்கிருச்சா?” “உள்ள வா.” “காலங்காத்தாலயா? வெளிய ரோசிலி நிக்கிது.” “வா புள்ள.” அந்தப் ‘புள்ள’யில் ஏதோ இருந்திருக்க வேண்டும், அவள் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, லுங்கியைத் தளர்த்தி இறக்கினான். சுவர்ப் பாசியில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. “எத்தன நாளா?” என்றாள். “அத விடு. பின்னால பாரு. ரெண்டு பக்கமும் சேந்திருச்சா?” “எது?” “அதுதான். இடமிருந்து ஒண்ணு, வலமிருந்து ஒண்ணு. நடுவுல இடமிருக்கா, இல்ல சேந்திருச்சா. நல்லாப் பாத்துச் சொல்லு.” அவள் விரல் பட்டது. முதுகெலும்புப் பள்ளத்தில் இப்படி ஒருமுறை போனது, அப்படி ஒருமுறை வந்தது. “சேந்திருச்சு” என்றாள். எறும்பு போய்க்கொண்டிருந்தது. பக்கெட்டின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அவன் காத்திருந்தான், நெஞ்சில், தொண்டையில், எங்கேயிருந்து வரும் என்று தெரியாமல் எல்லா இடத்திலும் காத்திருந்தான். “அக்கி” என்றான். “தலையும் வாலும் சேந்தா ஆள் இல்லம்பாங்க. பெரியப்பாவுக்கு...” “திரும்புங்க” என்றாள் பஞ்சவர்ணம்.

திரும்பினான். அவள் சேலைச் செருகலை விலக்கி, பாவாடை நாடாவை உருவித் தளர்த்தியிருந்தாள். நாடா இறுக்கின இடத்தில் சுற்றிலும் அதே வேலி. அதே சிவந்த ஓரம், அதே கருத்த நடு, முன்பக்கம், விலாப்பக்கம், அவள் மெதுவாக முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள், எங்கேயும் அறுபடாமல், எங்கே தொடங்கினது என்றே தெரியாமல். “எனக்குப் பொங்கலுக்கு முன்னாடியே சேந்திருச்சு” என்றாள். “இன்னும் டிபன் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.” “உங்ககிட்ட எப்படிக் காட்டுறது? நீங்கதான் தொடவே பயந்து சட்டையப் போட்டுக்கிட்டுப் படுக்குறீங்களே. தெரிஞ்சுதான் ஒதுங்குறீங்கன்னு நெனச்சேன். அருவருப்பா இருக்கும்போலன்னு.” சொல்லிக்கொண்டே வந்தவள் பார்வை அவனைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. கையை நீட்டிச் சோப்பை நகர்த்தி ட்யூபை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது யாரு குடுத்தது?” “மருந்தகத்துல.” “எப்ப?” “போன மாசம்.” “வீட்டுல வேற யாருக்கும் இருக்கான்னு கேட்டாங்களா?” “கேட்டாங்க.” “என்ன சொன்னீங்க?” கதவு தட்டப்பட்டது. “அடியே, இப்ப ரெண்டு பேரும் குடியேறிட்டீங்களா? எம்புள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸு போயிரும்!” பஞ்சவர்ணம் அவன் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கினாள். “கையத் தூக்குங்க” என்றாள். “புதுசு ஒண்ணு கட்டிட்டு...” என்று அவன் தொடங்குவதற்குள் நறுக்கென்று ஒரு சத்தம், ஒன்பது முடிச்சும் ஈரத் தரையில் செத்த புழுவாக விழுந்தது. வெறும் இடுப்பு. காற்று அந்த இடத்தில் பட்டது, எத்தனையோ நாளைக்குப் பிறகு. அவள் துவட்ட ஆணித் துண்டுக்குக் கையை நீட்டினாள். “அது வேணாம்” என்றான். குளித்துவிட்டுப் போடக் கொண்டு வந்து தோளில் போட்டிருந்த துவைத்த பனியனை எடுத்து முதலில் அவள் இடுப்பைத் துடைத்தான். ட்யூபின் வாய் அடைத்திருந்தது. மூடியைத் திருப்பி அதன் முள்ளால் குத்தித் திறந்தான், வெள்ளையாக ஒரு பொட்டு எழுந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்” என்றாள். அவன் விரல் போனது. முதுகெலும்பு இறங்கி முடிகிற பள்ளத்தில், இரண்டும் சேர்கிற இடம், பார்க்காமலே கிடைத்தது.